இரண்டு பராமரிப்பாளர்கள், ஒரே பேட்ச் தொடர்: லினக்ஸ் சேமிப்பக டிரைவர் திருத்தங்களை அனுப்பும் முறை

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டிலுள்ள யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் பெட்டி, பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது பாதியில் நின்றுவிடும். கர்னல் (லினக்ஸின் மையநிரல்) பதிவில், யூஎஸ்பி வட்டுகளை வேகமாக இயக்கும் யூஏஎஸ் டிரைவரின் ரீசெட் செய்திகள் வரிசையாக வந்து விழும். அதைச் சரிசெய்ய நான் எழுதிய மூன்று பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்), தனித்தனிப் பராமரிப்பாளர்களைக் கொண்ட இரண்டு கர்னல் பகுதிகளைத் தொட்டன: யூஎஸ்பி, வட்டுக் கட்டளைகளைக் கையாளும் ஸ்கசி. அவற்றை ஒன்றாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கர்னலைத் தொகுக்கவும் கிட்டில் கமிட் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு எழுதுகிறேன்.

டிரைவரைச் சந்தேகிக்கும் முன் கேபிளைப் பாருங்கள். நம் கரையின் உப்புக்காற்றில் களிம்பேறிய யூஎஸ்பி முனையும் இதே ரீசெட் செய்திகளைத் தரும். வேறு கேபிளிலும் வேறு கணினியிலும் பிழை தொடர்ந்தால், கர்னல் தொடங்கும்போது யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவிர்க்ஸ் (usb-storage.quirks) அளவுருவில் பெட்டியின் தயாரிப்பாளர் எண், பொருள் எண், பிறகு சிறிய ‘யூ’ எழுத்து ஆகியவற்றைக் கொடுத்து யூஏஎஸ் முறையை நிறுத்திப் பாருங்கள். அதை நிறுத்தினால் வேகமும் குறைவதால், கெட்டுப்போன கேபிள்கூடச் சரியாகிவிட்டதுபோலத் தோன்றக்கூடும். ஆகவே இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பெரும்பாலான பெட்டிகளுக்கு, சிக்கலான பெட்டிகளைப் பட்டியலிடும் அன்யூசுவல்-யூஏஎஸ் (unusual_uas.h) கோப்பில் எண் வரிசை கெடாமல் ஒரு பதிவைச் சேர்த்து, எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை தரும் முழு விவரத்தையும் இணைத்து அனுப்பினால் போதும். என் பெட்டிக்கு அது போதவில்லை. யூஏஎஸ் வழியாகப் போவதும் ஸ்கசி கட்டளைகள்தாம் என்பதால், ஒரு கட்டளையை இந்தச் சாதனத்துக்கு அனுப்பாதே என்று சொல்லும் புதிய கொடி (flag) ஒன்று ஸ்கசி பகுதியிலேயே தேவைப்பட்டது.

நான் தடுமாறியது இங்கேதான். ஸ்கசி பேட்ச்களை ஸ்கசி பராமரிப்பாளர்களுக்கும் யூஎஸ்பி பேட்சை யூஎஸ்பி பராமரிப்பாளர்களுக்கும் தனித்தனியே அனுப்பினேன். கொடியை அறிவிக்கும் வரி ஒரு மரத்திலும் (ஒரு பராமரிப்பாளரின் கிட் களஞ்சியம்) அதைப் பயன்படுத்தும் வரி இன்னொரு மரத்திலுமாகப் பிரிந்து நின்றதால், யூஎஸ்பி மரத்தில் என் பேட்ச் தொகுபடவே இல்லை. சரியான வழி, மூன்றையும் ஒரே தொடராக, தொடரை விளக்கும் ஒரே முகப்புக் கடிதத்தின் கீழ் அனுப்புவது. முதல் பேட்ச் கொடியை அறிவிக்க வேண்டும். இரண்டாவது, ஸ்கசி வட்டு டிரைவரை அதற்குக் கீழ்ப்படியச் செய்ய வேண்டும். மூன்றாவதுதான் யூஏஎஸ் டிரைவரில் அதை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பேட்சும், தனக்கு முந்தையவை மட்டும் இருக்கும் நிலையில் தொகுபட வேண்டும். இல்லையென்றால், பிற்காலத்தில், கமிட்களைப் பாதி பாதியாகச் சோதிக்கும் கிட் பைசெக்ட் கொண்டு வேறொரு பிழையைத் தேடுபவர் உங்கள் கமிட்டில் வந்து மாட்டிக்கொள்வார். கிட் ரீபேஸுடன் எக்ஸெக் தேர்வைச் சேர்த்து மேக் கட்டளையைக் கொடுத்தால், இந்தச் சோதனையை அதுவே ஒவ்வொரு கமிட்டுக்கும் செய்துவிடும்.

அடுத்து, தொடர் யாருடைய மரம் வழியாகப் போக வேண்டும் என்பதை முகப்புக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். மாற்றத்தின் பெரும்பகுதி ஸ்கசியில் இருந்ததால், ஸ்கசி மரத்தில் சேர்க்கும்படியும் யூஎஸ்பி பராமரிப்பாளர்கள் தங்கள் பேட்சுக்கு ‘அக்டு-பை’ ஒப்புதல் தரும்படியும் கேட்டேன். பெறுநர்களை நினைவிலிருந்து எழுதாமல், கர்னலுடன் வரும் கெட்-மெயின்டெய்னர் நிரலிடம் கேளுங்கள். ஸ்கசிக்கு ஜேம்ஸ் பாட்டம்லி, மார்ட்டின் பீட்டர்சன் பெயர்களும் யூஎஸ்பி சேமிப்புக்கு ஆலன் ஸ்டெர்ன் பெயரும் வரும். முகப்புக் கடிதம் இரு தரப்பாருக்கும் போக வேண்டும்.

நேரமும் முக்கியம். ஒரு கர்னல் வெளியானதும் இரண்டு வாரங்கள் இணைப்புச் சாளரம் திறந்திருக்கும். அப்போது பராமரிப்பாளர்கள் ஏற்கெனவே சேர்த்தவற்றை கர்னலின் தலைமைப் பராமரிப்பாளர் லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அது புதிய தொடரை அனுப்பும் வேளை அன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் நம் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுவதைப் போல, அந்த நாட்களைச் சோதனைக்கு வைத்துக்கொண்டு, முதல் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்த பிறகு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரமாவது பொறுத்து நினைவூட்டுங்கள்.

அனுப்பும் கருவிகளில் என் தேர்வு, பேட்ச் தொடர்களைக் கையாளும் பி4 (b4) தான். கிட் சென்ட்-ஈமெயிலும் வேலை செய்யும். ஆனால் பி4 முகப்புக் கடிதத்தைக் கிளையிலேயே வைத்துக்கொள்கிறது, பதில்களில் வந்த ஒப்புதல்களைத் திரட்டி உரிய கமிட்டில் சேர்க்கிறது, இரண்டாம் பதிப்புக்கான எண்ணையும் தானே இடுகிறது. அனுப்புவதற்கு முன், நிரல் நடைப் பிழைகளைக் காட்டும் செக்பேட்ச் நிரலை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: செல்பேசி இணைப்பிலிருந்து எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை) வழியாகத் தொடர் போகவே இல்லை என்று தொண்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பி4 கருவியில் வலைவழி அனுப்பும் வசதி உண்டு. கையொப்பத் திறவுகோலை ஒருமுறை பதிந்துவிட்டால், கர்னல் தளத்தின் சேவையே மின்னஞ்சல்களை அனுப்பிவிடும். உலாவியில் மின்னஞ்சலைத் திறந்து பேட்சை ஒட்டி அனுப்ப வேண்டாம். டேப்கள் இடைவெளிகளாக மாறி, பேட்ச் பொருந்தாமல் போய்விடும்.