டொர்னேடோவை ரேடாரில் தேடிப் பழகுவது எப்படி?

2024 ஜூன் 3 அன்று தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகேயுள்ள டோங்காட்டைச் சூறையாடியது போன்ற டொர்னேடோவை (தரையைத் தொடும் சுழற்காற்றை) ரேடாரில் அடையாளம் காணப் பழக, முதலில் தரவு வேண்டும். அமெரிக்க நெக்ஸ்ராட் ரேடார்களின் பழைய பதிவுகள் அமேசான் கிளவுடில் இலவசமாகக் கிடைக்கின்றன. டர்பனில் உட்கார்ந்தபடியே அவற்றில் பழகலாம். ஒரு பாடத்தை மட்டும் இங்கே தலைகீழாக்க வேண்டும். அது படி 4.

படி 1: பைத்தானில் ரேடார் தரவைப் படிக்கும் பை-ஆர்ட் மென்பொருளை நிறுவுங்கள். பைத்தானின் நிறுவியான பிப்பில் அதன் பெயர் ‘ஆர்ம்_பைஆர்ட்’. வெறும் ‘பைஆர்ட்’ என்று தேடினால் வேறு ஏதோ வந்து நிற்கும்.

படி 2: ஓக்லஹோமாவின் கேடிஎல்எக்ஸ் ரேடார், 2013 மே 20, யுடிசி (உலகப் பொது நேரம்) 19:50 முதல் 20:40 வரையுள்ள கோப்புகளை இறக்குங்கள். மூர் நகரை அழித்த டொர்னேடோ அதில் இருக்கிறது. கோப்பு நேரம் யுடிசி. நம் தென்னாப்பிரிக்கக் கடிகாரத்துக்கு 2 மணி கூட்டுங்கள்.

படி 3: எதிரொலிப்புக்கு (மழையில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமைக்கு) ஸ்வீப் 0, வேகத்துக்கு ஸ்வீப் 1. ஸ்வீப் என்பது ரேடாரின் ஒரு சுற்று. பலரும் தடுக்கி விழும் இடம் இது: மிகத் தாழ்ந்த கோணத்தை நெக்ஸ்ராட் இரண்டு முறை சுற்றுகிறது, டாப்ளர் வேகம் (ரேடாரை நெருங்கும் அல்லது விலகும் வேகம்) இரண்டாவது சுற்றில்தான் வரும். ஸ்வீப் 0-இல் வேகத்தை வரைந்தால் வெற்றுப் படம்தான்.

வேகப் படத்தில் கடும் சிவப்பை (விலகும் காற்று) ஒட்டித் திடீரெனப் பச்சை (நெருங்கும் காற்று) தெரிந்தால் உடனே சுழற்சி என்று துள்ளாதீர்கள். 10 செ.மீ. அலைநீளத்தில் விநாடிக்கு 1000 துடிப்பு அனுப்பும் ரேடார் விநாடிக்கு 25 மீட்டர் வரைதான் வேகத்தைச் சரியாகச் சொல்லும்; அதைத் தாண்டினால் எதிர்த்திசையாகக் காட்டும். இந்தப் பிழையைத் திருத்தும் டீஏலியாஸ் செய்தபிறகும் பச்சையும் சிவப்பும் ஒட்டி நின்றால்தான் அது சுழற்சியைக் காட்டும் சோடி.

படி 4: ரேடாரில் நின்று புயலைப் பார்ப்பதாக வையுங்கள். மூரில் நெருங்கிவரும் பச்சை இடப்பக்கம், விலகும் சிவப்பு வலப்பக்கம். டர்பன் இருக்கும் நேட்டாலில் இது மாறும். தெற்கு அரைக்கோளத்தில் இத்தகைய புயல்கள் பெரும்பாலும் கடிகாரத் திசையில் சுழல்வதால் பச்சை வலப்பக்கம் வரும். எதிரொலிப்புப் படத்தில் சுழற்சியைக் காட்டும் கொக்கி வடிவமும் கண்ணாடிப் பிம்பம்போல், கிழக்கே நகரும் புயலின் வடமேற்கு மூலையில் இருக்கும்.

படி 5: ரேடார் மெதுவாக அளந்தால் எது தவறிப்போகும் என்று அறிய, இப்போது ஒன்றுவிட்டு ஒரு கோப்பை நீக்கிப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகப் புயல் 5 நிமிடத்தில் 5 கி.மீ. தாண்டிவிடும், அதற்குள் சிறிய டொர்னேடோ பிறந்து மறைந்தும் போகலாம். அதிவேக ரேடார்களின் தேவை இங்கேதான் புரியும். ஒசாகா பல்கலைக்கழகத்தில் 2012-இல் வந்த ஃபேஸ்டு அரே ரேடார், உயரக் கோணங்களை மின்னணு முறையில் மாற்றி 10 முதல் 30 விநாடியில் முழு வானத்தையும் அளந்தது.

ஆனால் ரேடாரின் வேகம் எவ்வளவு இருந்தாலும் தூரம் விடாது. அரை டிகிரி கோணத்தில் செல்லும் ரேடார் கற்றை 100 கி.மீ. தள்ளி ஏறக்குறைய 1.5 கி.மீ. உயரத்தில் இருக்கும், அங்கே தெரியும் சோடி மேகத்தின் சுழற்சி மட்டுமே, தரையைத் தொட்டதா என்பது அந்தப் படத்தில் இல்லை.