உமிழ்நீரில் வைரஸ் சோதனை: குறைந்த செலவில் ஆய்வகத்தில் செய்யும் முறை

கொரோனா பரவத் தொடங்கிய 2020-இல் பல நாடுகளில் சோதனை முடங்கியதற்கு வைரஸின் மரபணுவைப் பன்மடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். கருவிகளின் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. மூக்கினுள் நுழைக்கும் பஞ்சுக்குச்சி, அதை இட்டு அனுப்பும் திரவம், மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கிட் ஆகிய மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு ஏற்பட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆன் வைலி, நேதன் க்ரூபா ஆகியோரின் குழு உருவாக்கிய ‘சலைவாடைரக்ட்’ முறை இம்மூன்றும் இல்லாமலேயே சோதனையைச் செய்து காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு அவசரகால அனுமதி வழங்கியது. ஒரு மாதிரிக்கான வேதிப்பொருள் செலவு 1.29 முதல் 4.37 டாலர் வரை என்று அக்குழு கணக்கிட்டது. சில படிகளை நீக்கியதால் கிடைத்த சிக்கனம் இது என்பதால், அந்தப் படிகள் தந்த பாதுகாப்பை மாதிரி எடுக்கும் விதத்தில்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆகவே முதல் கவனம் மாதிரிக்கே. கொடுப்பவர் அதற்கு முந்தைய 30 நிமிடங்களில் உண்ணவோ, பருகவோ, புகைக்கவோ, வெற்றிலை பாக்கு மெல்லவோ, பல் துலக்கவோ கூடாது. வாயில் தானாக ஊறித் தேங்கும் எச்சிலே தேவை. காறித் துப்பும் சளி கெட்டியாக இருப்பதால், திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டில் ஏறாது, ஏறினாலும் அளவு சரியாக இராது. தலையைச் சற்றுக் குனிந்து, சிறு துண்டாக வெட்டிய ஸ்ட்ராவின் ஒரு முனையை உதட்டிலும் மறுமுனையைக் குழாயிலும் வைத்து, எச்சிலை மெல்ல வழியவிடச் சொல்லுங்கள். ஊறவில்லை என்பவரைப் புளிப்பான உணவு எதையேனும் நினைக்கச் சொன்னால் பெரும்பாலும் போதும். அரை மில்லிலிட்டர் இருந்தால் தாராளம், ஆனால் நுரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது; பார்வைக்கு நிறைந்திருக்கும் குழாயில் நுரை அடங்கியபின் அடியில் சில துளிகளே எஞ்சியிருப்பது அடிக்கடி நடப்பதுதான். குழாயின் வெளிப்புறத்தைக் கிருமிநாசினியால் துடைத்து, மூடியில் அல்லாமல் குழாயின் மீதே அடையாள எண்ணை ஒட்டுங்கள், ஏனெனில் மூடிகள் மாறிப்போகும்.

பாதுகாப்புத் திரவம் சேர்க்காத உமிழ்நீரிலும் வைரஸின் ஆர்.என்.ஏ. அறை வெப்பத்தில் பல நாட்கள் சிதையாமல் இருப்பதை யேல் குழு காட்டியுள்ளது. இருப்பினும் வெயில் கடுமையான ஊர்களில் அதை நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடுவது சரியன்று. அன்றைய மாதிரியை அன்றே சோதிப்பதும், இயலாதபோது குளிர்பெட்டியில் வைப்பதும் நல்லது.

ஆய்வக வேலை சுருக்கமானது. உயிரிப் பாதுகாப்பு அறைப்பெட்டியினுள், 50 மைக்ரோலிட்டர் உமிழ்நீருடன் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் அடர்த்தியுள்ள ப்ரோட்டினேஸ் கே நொதியை 2.5 மைக்ரோலிட்டர் சேர்த்து, ஒரு நிமிடம் சுழற்கலக்கியில் கலக்கி, 95 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் சூடாக்க வேண்டும். நொதி உமிழ்நீரின் பிசுபிசுப்பைக் குறைப்பதுடன், ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் புரதங்களையும் அழிக்கிறது. அதன்பின் அந்த நொதியையே வெப்பம் செயலிழக்கச் செய்கிறது. சூடாக்கும் நேரத்தைக் குறைத்தால், எஞ்சிய நொதி பி.சி.ஆர். கலவையிலுள்ள நொதிகளையும் தின்றுவிடும் என்பதால் இதில் அவசரம் கூடாது. இதிலிருந்து 5 மைக்ரோலிட்டரை எடுத்து, மொத்தம் 20 மைக்ரோலிட்டர் கொண்ட பி.சி.ஆர். வினையில் சேர்க்கலாம். முடிவுகளைச் சரிபார்க்க, ஒவ்வொரு தொகுதிச் சோதனையிலும் தொற்று உள்ள கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றும் வெறும் நீர் ஒன்றும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இவ்வினை ஒரே குழாயில் வைரஸ் மரபணுவின் என்1 எனப்படும் பகுதியையும், மாதிரி சரியாக எடுக்கப்பட்டதற்குச் சான்றாக ஆர்.என்.ஏஸ் பி என்னும் மனித மரபணுவையும் தேடுகிறது. எத்தனையாவது பெருக்கச் சுற்றில் ஒன்று தென்படுகிறது என்பதே அதன் சி.டி. மதிப்பு. என்1-இன் சி.டி. மதிப்பு 40-க்குக் கீழே இருந்தால் தொற்று உண்டு. அது 40 அல்லது அதற்கு மேல் இருந்து, மனித மரபணுவின் மதிப்பு 35-க்குக் கீழே இருந்தால் தொற்று காணப்படவில்லை. இரண்டுமே எல்லையைத் தாண்டினால் அது ‘நெகட்டிவ்’ அன்று, செல்லாத சோதனை. மறுபடி செய்து பார்த்து, அப்போதும் அப்படியே வந்தால் புதிய மாதிரி கேட்க வேண்டும்.

செலவை மேலும் குறைக்க மாதிரிகளைக் குழுவாகக் கலக்கலாம், ஆனால் தொற்று அரிதாக இருக்கும்போது மட்டுமே அதனால் பயன். நூறு பேரில் ஒருவருக்குத் தொற்று இருந்தால், ஐந்தைந்தாகக் கலந்த 20 சோதனைகளும், பாசிட்டிவ் ஆன ஒரு குழுவின் ஐவருக்குத் தனித்தனியே 5 சோதனைகளுமாக 25 போதும். பத்துப் பேருக்குத் தொற்று இருந்தாலோ ஏறக்குறைய எட்டுக் குழுக்களை மீண்டும் பிரித்துப் பார்க்க நேர்ந்து, எண்ணிக்கை 60-ஐ எட்டும். அத்துடன், கலக்கும்போது வைரஸ் நீர்த்துப்போவதால் குறைந்த அளவில் தொற்றுள்ளவர்கள் தப்பிவிடக்கூடும்.

பி.சி.ஆர். கருவியே இல்லாத இடங்களுக்கு ஒரே வெப்பநிலையில் மரபணுவைப் பெருக்கும், ஜப்பானியர் 2000-இல் வெளியிட்ட லேம்ப் முறை உண்டு. 65 டிகிரியில் ஏறத்தாழ 30 நிமிடம் வைத்தால் வைரஸ் உள்ள கலவை இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறும்; வெந்நீர்த் தொட்டியே இதற்குப் போதும். வினையில் உண்டாகும் அமிலமே நிறத்தை மாற்றுகிறது என்பதால், இயல்பிலேயே அமிலத்தன்மை மிகுந்த எச்சில் வைரஸ் இல்லாமலும் மஞ்சளாகிவிடும். எனவே சூடாக்குவதற்கு முன்பே ஒவ்வொரு குழாயையும் படமெடுத்து வைத்து, அப்போதே மஞ்சளாக இருப்பவற்றை ஒதுக்குங்கள். வினை முடிந்த குழாயை எக்காரணத்தாலும் திறக்கக் கூடாது: கோடிக்கணக்கில் பெருகிய மரபணுத் துண்டுகள் காற்றில் கலந்தால், அடுத்து வரும் தொற்றில்லாத மாதிரிகளும் பாசிட்டிவ் என்று காட்டக்கூடும்.