அறுவை சிகிச்சை செய்த எலும்பு முறிவு: கோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க எலும்பியல் சார்ட்டுகளை (மருத்துவப் பதிவுகளை) படித்து நோய்க்குரிய குறியீடுகளைப் போடும் புதிய கோடர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ‘ஓபன் ரிடக்‌ஷன்’ என்ற சொல். ஆபரேஷன் குறிப்பில் அதைப் பார்த்ததுமே முறிவையும் ‘ஓபன்’ ஆக்கிவிடுகிறார்கள். சர்ஜன் தோலைக் கீறி எலும்பைச் சேர்த்தார் என்பது மட்டுமே அதற்குப் பொருள். அடிபட்டபோது உண்டான காயம் முறிந்த எலும்புவரை போயிருந்தால்தான் அது ஓபன் முறிவு. பிளேட் வைத்துத் தைத்தாலும் மூடிய முறிவு மூடிய முறிவுதான். சார்ட்டில் இரண்டும் குறிப்பிடப்படவில்லையா? ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பு) விதிப்படி மூடியது என்றே கொள்ள வேண்டும். எலும்பு விலகியதா இல்லையா என்று எழுதாவிட்டால், விலகியது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது குறியீட்டின் கடைசியில் வரும், சிகிச்சையின் கட்டத்தைக் காட்டும் ஏழாம் எழுத்து. ‘ஏ’ என்றால் முதல் வருகை என்று மனப்பாடம் செய்துகொண்டவர்கள் தொடர்ந்து தவறுகிறார்கள். முறிவுக்கான நேரடி சிகிச்சை நடக்கும்வரை ‘ஏ’ தான், பார்ப்பது எத்தனையாவது மருத்துவராக இருந்தாலும் சரி. வீட்டில் வழுக்கி விழுந்தவருக்கு வலது தொடை எலும்பில் விலகிய இன்டர்டிரோகான்டரிக் முறிவு (இடுப்பை ஒட்டிய மேல்பகுதியில் மூடிய முறிவு) என்று வைத்துக்கொள்வோம். அவசரப் பிரிவில் எஸ்72.141ஏ. மறுநாள் வேறொரு சர்ஜன் நெயில் (எலும்புக்குள் வைக்கும் உலோகக் கம்பி) பொருத்தும்போதும் அதே எஸ்72.141ஏ. முறிவு வழக்கம்போல் குணமாகிவரும் கட்டத்தில், தையல் பிரிக்க வரும்போது எஸ்72.141டி (D). பின்னாளில் எலும்பு கூடவே இல்லை என்று மருத்துவர் எழுதினால் எஸ்72.141கே. அதற்காக மறுபடி ஆபரேஷன் செய்தாலும் ‘கே’ தான், ‘ஏ’வுக்குத் திரும்பக் கூடாது.

தையல் பிரிக்கும் வருகைக்கு இசட்47 வரிசையிலிருந்து பராமரிப்புக் குறியீட்டைப் போடுவது இன்னொரு தவறு. விபத்து முறிவின் தொடர் பராமரிப்புக்கு அந்த வரிசை பொருந்தாது. முறிவின் குறியீடே ‘டி’யுடன் தொடரும். எலும்பு கூடியபின் உள்ளே வைத்த பிளேட்டையோ ஸ்க்ரூவையோ எடுக்க மட்டும் வந்தால் இசட்47.2 சரி. அதே பிளேட் உடைந்தோ சீழ்பிடித்தோ எடுக்கப்பட்டால் உள்ளே வைத்த கருவியின் சிக்கல்களுக்கான டி84 (T84) வரிசைக்குப் போக வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய்) உள்ள நோயாளிகளின் சார்ட்டுகள். ஆரோக்கியமான எலும்பை முறிக்காத அளவுக்குச் சிறிய விழுதலில் அவர்களுக்கு முறிவு ஏற்பட்டால், விபத்துக் காயங்களுக்கான எஸ் வரிசையை விட்டு, ஆஸ்டியோபோரோசிஸ் முறிவுக்கான எம்80 வரிசையைத்தான் பயன்படுத்த வேண்டும். ‘விழுந்தார்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்து விபத்து முறிவாகப் பதிந்துவிட்டால், அடுத்த முறிவைத் தடுக்கும் சிகிச்சை அவருக்குத் தேவை என்பதே பதிவில் மறைந்துபோகும். அதற்காக வயதை மட்டும் பார்த்து நாமே ஆஸ்டியோபோரோசிஸ் என்று ஊகிக்கவும் கூடாது. சந்தேகம் இருந்தால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்புங்கள். ‘இது ஆஸ்டியோபோரோசிஸ் முறிவுதானே?’ என்று பதிலை அவர் வாயில் திணிக்காமல், விழுந்த விதத்தையும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை முடிவையும் எடுத்துக்காட்டி, ‘முறிவுக்கான காரணத்தைத் தெளிவுபடுத்தவும்’ என்று கேளுங்கள்.