வீடு மாறும்போது நாயின் வயிறு கெடாமல் இருக்க

ஹட்டனிலிருந்து பதுளைக்குப் போனாலும் சரி, தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து (பிரிவிலிருந்து) மேல் டிவிசனுக்கு ஏறினாலும் சரி, வீடு மாறிய ஓரிரு நாளில் பல நாய்களுக்கு வயிற்றால் போகும். "தண்ணி ஒத்துக்கொள்ளல" என்பார்கள். பாதிதான் உண்மை. புது இடத்துப் பயத்தில் பெருங்குடல் வேகமாக இயங்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டையும் மாற்றினால் குடல் தாங்காது.

அதனால் பழைய சாப்பாட்டை 10 நாளுக்குச் சேர்த்து எடுத்துப் போங்கள். சோறும் நெத்தலியும் என்றால் அதே அரிசி, அதே நெத்தலி. முதல் 3 நாள் எதையும் மாற்ற வேண்டாம். பிறகு கால்பங்கு புதியது 2 நாள், பாதி 2 நாள், முக்கால் 2 நாள். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். பக்கத்துக் காம்பராப் (லயத்து வீட்டுப்) பிள்ளைகள் பாசத்தோடு பருப்புக்கறிச் சோறு வைப்பார்கள். கறியில் உள்ள வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பீலித் தண்ணியை (மலை ஊற்றிலிருந்து குழாய் வழி விழும் தண்ணீரை), முக்கியமாக மழைக்குப் பிறகு, 3 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் கொடுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதனால்தான் 3 நிமிடம்.

பயண நாளில் லொறி ஏற 6 மணி நேரத்துக்கு முன் கடைசிச் சாப்பாடு. சின்னக் குட்டிக்கு அவ்வளவு பட்டினி ஆகாது. 3 மணி நேரம் போதும். வளைவுகளில் எச்சில் ஒழுக, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் வாந்தி வரப்போகிறது. வண்டியை நிறுத்திக் காற்றாட விடுங்கள். போய்ச் சேர்ந்ததும் கொஞ்சம் தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்து அரைவயிற்றுச் சாப்பாடு.

மலத்தைத் தினமும் பாருங்கள். அள்ளினால் தரையில் ஒட்டாமல் வரவேண்டும். முட்டை வெள்ளைக்கரு போலச் சளி படிந்திருந்தால் பெருங்குடல் எரிச்சல். குழையவிட்ட வெள்ளைச்சோறு 3 பங்கு, தோலில்லாத அவித்த கோழி 1 பங்கு, உப்பில்லாமல், ஒரு நாளைக்கு 4 தடவையாகக் கொஞ்சங்கொஞ்சமாக 2, 3 நாள் கொடுங்கள். பால் வேண்டாம், பேதி கூடும். மனிதருக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரை, பரசிட்டமோல் இரண்டும் கூடவே கூடாது.

தார் போலக் கறுத்த மலம், அடங்காத வாந்தி, விரலுக்கு ஒட்டும் காய்ந்த ஈறு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி போடாத குட்டிக்கு நாற்றத்தோடு இரத்தப்பேதி என்றால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் தூக்கிப் போங்கள். புது இடத்து மிருக வைத்திய அலுவலகம் எங்கே என்பதைச் சாமான் கட்டும் முன்பே விசாரித்து வையுங்கள்.