பள்ளியில் ஏஇடி வைக்கப் போகிறீர்களா? முதலில் மைதானத்தின் கடைசி மூலைக்குப் போங்கள்

பள்ளிக்கு ஒரு ஏஇடி, அதாவது தாளம் தப்பிய இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவி, வாங்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே எந்த மாடல், யார் பணம் தருவது என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மைதானத்தின் கடைசி மூலைக்குப் போய், கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, கருவியை மாட்ட நினைத்திருக்கும் சுவரைத் தொட்டுவிட்டு வா என்று ஒருவரை ஓடவிடுங்கள். ஒருவர் சுருண்டு விழுந்ததிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் முதல் ஷாக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் இலக்கு. போய்வரவே மூன்று நிமிடம் ஆகிறது என்றால் அந்த இடம் வேண்டாம், வேறு சுவரைப் பாருங்கள், அல்லது இரண்டு கருவிகள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் இப்போதே சொல்லுங்கள்.

இத்தனை அவசரம் ஏன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். திடீரென்று இதயம் நிற்கும்போது, பல நேரங்களில் அது முழுசாக நின்றுவிடுவதில்லை, தாளம் தப்பி வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும், ரத்தம் மட்டும் எங்கும் போகாது. சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தும் முதலுதவி, செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. நெஞ்சை அழுத்தினால் அந்தச் சரிவு மெதுவாகும், ஆனால் அதிர்கிற இதயத்தைப் பழைய தாளத்துக்குத் திருப்ப ஷாக்தான் வேண்டும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் சில நிமிடங்கள் பள்ளியில் இருப்பவர்கள் கையில்தான்.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வருமா?" அரிதுதான், ஆனால் வரும். இதயத் தசை தடித்துப்போகும் நோய், இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே இருக்கும் கோளாறு, வேகமாக வந்த பந்து தப்பான நொடியில் நெஞ்சில் அடிப்பது என்று காரணங்கள் பல, முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கலாம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது அவருக்கு வயது 29. மைதானத்திலேயே சிபிஆரும் ஷாக்கும் கொடுத்தார்கள், 2024 யூரோவில் அதே நாட்டுக்காக கோல் அடித்தார். தவிர, பள்ளியில் விழுபவர் மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆசிரியர், காவலாளி, விழா பார்க்க வந்த தாத்தா என்று யாராகவும் இருக்கலாம்.

சரி, இடம். தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைக்காதீர்கள். "திருடு போய்விடும்" என்று சொல்பவர்களுக்கு, கதவைத் திறந்தால் அலாரம் அடிக்கும் பெட்டி கிடைக்கிறது, அது போதும். மாலை விளையாட்டுப் பயிற்சியும் விடுமுறை நாள் போட்டியும் நடக்கும்போது அலுவலகம் மூடியிருக்கும், அந்த நேரத்திலும் கை எட்டும் இடமாக இருக்க வேண்டும். நேர் வெயில் படாத சுவர், தூரத்திலிருந்தே தெரியும் பலகை. வெளியூர் போட்டிக்கு அணி கிளம்பினால் கூடவே ஒன்று போக வேண்டும், அதற்காகச் சுவரில் இருப்பதைக் கழற்றினால் பள்ளி வெறுமனே கிடக்கும்.

வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். குரல் வழிகாட்டல் உங்கள் ஆட்களுக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா? எட்டு வயதுக்குக் கீழே அல்லது 25 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தனி பேடோ (ஷாக் கொடுக்க உடம்பில் ஒட்டும் பட்டை) அல்லது குழந்தைகளுக்கான பொத்தானோ உண்டா? பேடும் பேட்டரியும் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், என்ன செலவாகும்? நன்கொடையாகக் கருவி வந்துவிடும், ஆனால் காலாவதியான பேடை மாற்றப் பணம் ஒதுக்காததால் சுவரில் சும்மா தொங்கும். அதனால் கருவிக்குக் கேட்கும்போதே அந்தத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்து திட்டம், இது ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒருவர் நெஞ்சை அழுத்துவார், ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வார், ஒருவர் ஏஇடி எடுக்க ஓடுவார், ஒருவர் வாசல் கேட்டைத் திறந்துவைத்து வண்டிக்கு வழி காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் பெயரும், அவர் லீவில் இருந்தால் யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அவரே விழுந்தால்? பெரிய வகுப்பு மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள், நன்றாகவே செய்வார்கள்.

உண்மையில் நேரம் வீணாவது கருவியால் இல்லை, என்ன நடக்கிறது என்று புரியாமல் நிற்பதால்தான். இதயம் நின்றவரின் கைகால் சில நொடிகள் இழுக்கலாம், எல்லோரும் வலிப்பு என்று நினைத்து அடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். மீன் தரையில் வாயைத் திறந்து மூடுவதுபோல விட்டுவிட்டு மூச்சு இழுக்கும், "மூச்சு இருக்கு, மயக்கம்தான்" என்பார்கள். அது மூச்சே இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அழுத்த வேண்டியது நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். கருவி வந்ததும் முதல் வேலை அதை ஆன் செய்வது, அப்புறம் அது சொல்வதைக் கேட்டால் போதும். ஒரு பேட் வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், ஈரத்தில் பேட் நிற்காது. சின்னக் குழந்தை என்றால் நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று. குழந்தைகளுக்கான பேட் இல்லையென்றால் பெரியவர்களுடையதையே இப்படி ஒட்டுங்கள், தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஷாக் தேவையா என்பதைக் கருவியே பார்த்து முடிவு செய்யும், தேவையில்லாத இதயத்துக்கு அது கொடுக்காது, அந்தப் பயத்தை விட்டுவிடலாம். அது ஆராயும்போதும் ஷாக் கொடுக்கும்போதும் மட்டும் யாரும் தொடக் கூடாது. ஷாக் போனதும் ஆள் எழுந்திருப்பாரா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே மறுபடி அழுத்துங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விழுந்தது பெண் பிள்ளை என்றால் ஆடையை விலக்கத் தயங்கிக் கைகள் நின்றுவிடுகின்றன. இதைப் பயிற்சியிலேயே பேசிவிடுங்கள். பேட் தோலில்தான் ஒட்ட வேண்டும், பெட்டியில் கத்தரிக்கோல் இருக்க வேண்டும், சுற்றி நிற்பவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு துணியைப் பிடித்து மறைக்கலாம். கத்தரிக்கோலோடு ஒரு துண்டு, கையுறை, ரேசர், வாயில் வைக்கும் மாஸ்க் ஆகியவற்றையும் போட்டு வையுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. தயார் நிலையைக் காட்டும் விளக்கைத் தினமும் கடந்துபோகும்போது ஒரு பார்வை, மாதம் ஒருமுறை பேட் உறையில் இருக்கும் தேதியைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்து. நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வருடத்தில் இரண்டு முறையாவது ஒத்திகை வையுங்கள், அதில் ஒன்று முன்னறிவிப்பு இல்லாமல், மாலை விளையாட்டு நேரத்தில். பொம்மையை மைதானத்தின் கோடியில் போட்டுவிட்டு நேரத்தைக் குறியுங்கள். எங்கே தாமதமானது, கேட்டின் சாவி யாரிடம் இருந்தது என்று அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். கருவியை உண்மையாகவே பயன்படுத்த நேர்ந்தால், அதில் பதிவான தகவல் மருத்துவர்களுக்கு உதவும் என்பதால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், புதுப் பேடை அன்றே மாட்டுங்கள், பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளிடமும் அழுத்திய ஆசிரியரிடமும் உட்கார்ந்து பேச ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.