சி.டி.யில் (கரண்ட் டிரான்ஸ்பார்மரில்) கை வைக்கும் முன்: டிரான்ஸ்பார்மர் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பியூஸுக்குப் பதில் தடித்த கம்பி கட்டுவது, எண்ணெய் மட்டம் பார்க்காமல் விடுவது இதெல்லாம் தெரிந்தே செய்கிற சோம்பேறித்தனம். அதை விடுங்கள். சேலம் பக்கம் பேனல் வேலைக்கு வரும் புதுப் பையன்கள், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தைத் திரும்ப அடிக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இது.

ஓடுகிற லைனில் சி.டி. செகண்டரியைத் திறப்பது

சி.டி. என்பது பெரிய கரண்டை மீட்டருக்கேற்றபடி சின்னதாக்கித் தரும் டிரான்ஸ்பார்மர்; மெயின் பக்கம் பிரைமரி, மீட்டர் பக்கம் செகண்டரி. ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை. ஆம்மீட்டர் முள் அசையவில்லை. மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பையன் மீட்டரைக் கழற்றிக்கொண்டு புதுசு வாங்கக் கடைக்குப் போய்விட்டான். திரும்பி வந்தால் பேனலுக்குள் உறுமல், டெர்மினல் கருகிய வாடை. சி.டி. போச்சு. "வெறும் 5 ஆம்பியர்தானேண்ணா" என்கிறான்! ஆலையை நிறுத்தியதில் தொட்டியில் இருந்த மாவுப்பால் புளித்துப்போனதுதான் முதலாளிக்கு வயிற்றெரிச்சல்.

சாதாரண டிரான்ஸ்பார்மரில் செகண்டரியைக் கழற்றினால் பிரைமரி கரண்டும் இறங்கிவிடும். சி.டி.யில் இறங்காது, பஸ்பாரில் (மெயின் கரண்ட் ஓடும் உலோகப் பட்டை) எவ்வளவு ஓட வேண்டும் என்பது மோட்டார் கையில் இருக்கிறது. 200/5 சி.டி.யில் (பிரைமரியில் 200 ஆம்பியர் ஓடினால் செகண்டரியில் 5) அந்த 5 ஆம்பியர்தான் எதிர்க்காந்தம் உண்டாக்கிக் கோரை (நடு இரும்பை) அடக்கி வைக்கிறது. அதன் பாதையை வெட்டினால் 200 ஆம்பியரும் கோரைக் காந்தமாக்கப் பாயும். முனைகளில் வோல்டேஜ் நூற்றுக்கணக்கில், பெரிய சி.டி.யில் ஆயிரக்கணக்கில் எகிறும். ஆள் தப்பினாலும் கோரில் காந்தம் தங்கி, அப்புறம் ரீடிங் பிசகும்.

முதலில் ஷார்ட்டிங் லிங்க் (செகண்டரி முனைகளை இணைக்கும் துண்டு) போடுங்கள், பிறகு மீட்டரைக் கழற்றுங்கள். ஏற்கெனவே திறந்துவிட்டதா? லிங்கைத் தேடாதீர்கள், லோடை நிறுத்துங்கள். சி.டி. செகண்டரியில் பியூஸே கூடாது.

பி.டி.

வோல்டேஜ் அளக்க உதவும் பொட்டன்ஷியல் டிரான்ஸ்பார்மர். சி.டி.க்கு நேர் எதிர். செகண்டரியைத் திறக்கலாம், ஷார்ட் ஆகக் கூடாது. பியூஸ் கட்டாயம்.

ஆட்டோ டிரான்ஸ்பார்மரை ஐசொலேஷன் என்று நம்புவது

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் முலாம் தொட்டிக்கு ஒரு வேரியாக்கும் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர்) ரெக்டிபையரும் (ஏ.சி.யை டி.சி. ஆக்குவது) போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மீட்டர் 6 வோல்ட் காட்டும். ஆனால் வேரியாக்கின் உள்ளே இருப்பது ஒரே சுருள், மெயினிலிருந்து பிரிப்பு (ஐசொலேஷன்) இல்லை. நியூட்ரல் அறுந்தால் மெயின் வோல்டேஜ் அப்படியே தொட்டிக்கு வந்துவிடும். அங்கே பிரைமரியும் செகண்டரியும் தனித்தனியாகச் சுற்றிய ஸ்டெப் டவுன்தான் வேண்டும்.

ஏற்காட்டுக்கு ஏற்றும்போது

வழக்கமான டிசைன் 1000 மீட்டர் உயரம் வரைதான். ஏற்காடு அதற்கு மேல். காற்று லேசாவதால் குளிர்ச்சி குறையும். ஆர்டர் கொடுக்கும்போதே உயரத்தைச் சொல்லுங்கள். மூடுபனிக் காலத்தில் பிரீதரில் (உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குப்பி) சிலிகா ஜெல் நீலம் போய் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள்.

கே.வி.ஏ.வைக் கிலோவாட்டாகப் படிப்பது

கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தாங்கும் மொத்த அளவு, கிலோவாட் உண்மையில் வேலை செய்யும் பவர். பவர் பேக்டர் (இரண்டுக்கும் உள்ள விகிதம்) 0.8 என்றால் 100 கே.வி.ஏ.வில் 80 கிலோவாட்தான்.

மெயின் அளவு டி.சி. கொடுத்துப் பார்ப்பது

வேண்டாம். சுருள் கருகும்.