நரியை நினைத்து வேலி போட வேண்டாம்: கொழும்பில் வளவுக் கோழிகளைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெஹிவளையிலோ வத்தளையிலோ வீட்டு வளவில் நாலைந்து ஊர்க்கோழிகள் வளர்ப்பவர், காலையில் கூட்டைத் திறக்கும்போது இறகுகள் மட்டும் கிடப்பதைக் கண்டால், நரிதான் வந்திருக்கிறது என்று முடிவுகட்டுவது உண்டு. வன்னியிலும் மட்டக்களப்பிலும் நரியின் ஊளையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணம் இயல்பானது. ஆனால் வீடுகள் நெருங்கிய கொழும்பில் கோழியைக் கொண்டுபோவது பெரும்பாலும் மரநாய், கீரி அல்லது தெருநாய். சதுப்பு நிலங்களை அண்டிய பகுதிகளில் மீன்பிடிப் பூனையாகவும் இருக்கலாம். எதிராளியைத் தவறாகக் கணிப்பதிலிருந்துதான் ஏனைய தவறுகளும் பிறக்கின்றன. நரியை மனதில் வைத்துச் சுற்றிவர வேலி எழுப்புகிறவர் மேற்புறத்தைத் திறந்தபடி விட்டுவிடுகிறார். மரநாயோ மதில், மாமரக் கிளை, தகரக் கூரை என்று மேல்வழியாகவே வருகிறது.

வந்தது எது என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம். பட்டப்பகலில் குஞ்சோ முட்டையோ காணாமற்போனால் கீரியையும் காகத்தையும் சந்தேகிக்க வேண்டும். பல கோழிகள் கொல்லப்பட்டு, உண்ணப்படாமலே வளவெங்கும் சிதறிக் கிடந்தால் அது நாய்களின் வேலையாக இருக்கக்கூடும். ஓட்டுத் துண்டுகூட மிஞ்சாமல் முட்டை மறைந்தால் பாம்பு விழுங்கியிருக்கலாம். மதிலின் மேலோ கூரையிலோ பப்பாசி விதையும் கித்துள் விதையும் நிறைந்த எச்சம் கிடந்தால், அந்த வழியாக மரநாய் நடமாடுகிறது என்று கொள்ளலாம்.

மிகப் பரவலான தவறு வலையைத் தெரிவு செய்வதில் நேர்கிறது. கடைகளில் கோழி வலை என்று விற்கப்படும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலை கோழியை உள்ளே வைத்திருக்க உதவுமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கப் போதாது. நாய் அதைக் கடித்துக் கிழித்துவிடும். எலி அதன் கண் வழியாகவே நுழைந்துவிடும். ஏறத்தாழ அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, ஒட்டிணைத்த தடித்த கம்பி வலையே தேவை. அது விலை கூடியதுதான். முழுக் கூட்டுக்கும் வாங்க முடியாதவர், கோழிகள் இரவில் உறங்கும் பகுதிக்காவது அதைப் போட வேண்டும். வலை நல்லதாக இருந்தும் அதைச் சிறு ஆணிகளால் மட்டும் பொருத்தினால் பயனில்லை, ஏனெனில் விலங்கு வலையை அறுப்பதைவிட அதன் விளிம்பைப் பிடுங்குவதே எளிது. விளிம்பின் மேல் மரச் சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து வலையின் அடிப்பகுதியை விரைவில் துருப்பிடிக்கச் செய்கின்றன. பார்வைக்கு முழுதாகத் தெரியும் வலை பெருவிரலால் அழுத்தியவுடன் பொடிந்து உதிர்வதுண்டு. ஆகவே மண்ணைத் தொடும் பகுதியை மாதம் ஒருமுறையாவது கையால் அழுத்திப் பார்ப்பது அவசியம்.

கோழிகள் உறங்கும் கம்பை வலையை ஒட்டி வைப்பதும் ஆபத்தானது. இருளில் கோழிக்குப் பார்வை மிகக் குறைவு. விலகி ஓடத் தெரியாமல் அப்படியே குந்தியிருக்கும் அதன் காலையோ தலையையோ விலங்கு வெளியிலிருந்தே பற்றி இழுத்துவிடும். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை வெப்பத்துக்காகத் திறந்துவைக்க வேண்டியிருப்பது உண்மை, ஆனால் அதற்கும் வலை போட வேண்டும். தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும். நிலத்தைத் தோண்டி வருவனவற்றைத் தடுக்க, வலையை ஓர் அடி ஆழம் புதைக்கலாம், அல்லது கூட்டின் வெளிப்புறமாகத் தரையில் இரண்டடி அகலத்துக்கு விரித்துக் கற்களால் அழுத்திவைக்கலாம்.

கொழும்பில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. அந்நேரத்தில் கோழிகள் தாமாகவே கூட்டுக்குள் சென்றுவிடும். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிக் கதவைச் சாத்துகிறவர், ஆபத்து மிகுந்த நேரத்தில் கூட்டைத் திறந்தே வைத்திருக்கிறார். வீட்டில் இருக்கும் அம்மம்மாவிடமோ பக்கத்து வீட்டாரிடமோ அந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிடுவது நல்லது. மிஞ்சிய தீனியை இரவில் விட்டுவைத்தால் எலி வரும், எலியைத் தேடிச் சாரைப்பாம்பும் வரும்.

கோழியை இழந்த வேதனையில் சிலர் நஞ்சு வைக்கிறார்கள், சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள், வீட்டு மின்சாரத்தையே வேலியில் பாய்ச்சுகிறார்கள். இவற்றை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. மின் பாய்ந்த வேலி இரவில் வளவுக்கு வரும் பிள்ளையையும் கொல்லும். நஞ்சு அயல்வீட்டு நாயையும் பூனையையும் கொல்லும். மீன்பிடிப் பூனை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பில் அது இன்னும் உயிர்வாழ்வது நமக்குக் கிடைத்த பேறு. ஒரு விலங்கைக் கொன்றாலும் கூட்டின் ஓட்டை அப்படியே இருக்குமானால், அதே வழியால் இன்னொன்று வரும்.

ஒருமுறை கோழி கிடைத்த இடத்துக்கு விலங்கு மறுபடியும் வரும் என்பதால், அன்று மாலைக்குள் அந்த வழியை அடைத்துவிட வேண்டும். முடியாவிட்டால் அன்றிரவு கோழிகளை ஒரு பெட்டியிலிட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். கூட்டுக்குள் அகப்பட்ட மரநாயையோ கீரியையோ வெறுங்கையால் பிடிக்க முனையாமல், கதவைத் திறந்துவிட்டு விலகி நிற்க வேண்டும். கடியோ கீறலோ பட்டால் விசர்நோய் தொற்றும் அபாயம் உண்டு. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, சிறு கீறல்தானே என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.